காற்பந்தும் காவன்மரமும்

காற்பந்தாட்டத்தில் ஈடுபாடுடையார் நால்வர் ஓரிடத்திற் கூடுவராயின் ஆங்கு வழக்கொன்று எழாதிருத்தல் அரிது. எழும் வழக்குகளுட் பெரும்பாலான மறுநாட் காலையில் மறக்கப்படும். ஒன்று மட்டும் ஆண்டுக் கணக்கில் நின்று நிலவும். நம் அணியில் ஆடிப் பெயர் பெற்ற ஒருவர் நம்மை விட்டு வேறோர் அணியிற் புகுந்து, அங்கே கோப்பையும் கேடயமும் பெறுவாராயின், அதனைக் கண்டு நாம் மகிழ்வதா, மனம் புழுங்குவதா, அன்றி ‘எம்மிடம் இருந்தபோது இத்துணைத் திறம் எங்கே போயிற்று?’ என வெகுள்வதா? இவ்வழக்கில் யாமும் பன்முறை கலந்து பேசியுள்ளோம். பேசியவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஆட்டத்தைப் பற்றி நம் கல்லூரி இதழில் எழுதுவோர் பெரும்பாலும் வென்ற ஆட்டங்களின் பட்டியலையே தருகின்றனராதலின், பிரிந்து சென்றவர்க்கும் ஒருமுறை இடந் தருதல் தகும்.

ஆடவர் ஆட்டத்தை முதலிற் சொல்லி விடுவோம். அது பலரும் அறிந்தது. அனிருத் தாப்பா என்பார் டேராடூனிற் பிறந்தவர். 2016-ஆம் ஆண்டு சென்னையின் எஃப்.சி. அணியிற் சேர்ந்தார். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் அவ்வணி பெங்களூரு அணியை அதன் சொந்தக் களத்திலேயே 3–2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இரண்டாம் முறை கொண்டபோது அவர்க்கு அகவை இருபது. பின்னர் அணித்தலைவரும் ஆனார். 2023-இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குச் சென்றார். சென்ற முதற் பருவத்திலேயே, 2024-இல், அவ்வணி லீக் கேடயத்தைப் பெற்றது. 2025-இல் கேடயத்தையும் கோப்பையையும் ஒருங்கே பெற்றது. சென்னை அணிக்கோ 2018-க்குப் பின் லீக்கில் ஒரு கோப்பை தானும் வாய்த்திலது.

எம்முடன் பயிலும் பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர்க்கு இஃது ஆறாப் புண். தாப்பாவின் படமொன்று அவர்தம் விடுதியறைச் சுவரில் இருந்தது. அதனைக் கிழிக்கவும் மனமின்றி, பார்த்துக் கொண்டிருக்கவும் மனமின்றி, முகம் சுவரை நோக்கத் திருப்பி ஒட்டி வைத்தார். 2025-இல் மோகன் பகான் இரட்டை வெற்றி பெற்ற இரவில் விடுதியார் பலரும் தொலைக்காட்சி முன் ஆரவாரம் செய்ய, அவர் மட்டும் உள்ளே வாராமல் வாயிற்படியில் நின்றார். கெட்ட குமாரன் உவமையில் ஆடல் பாடலின் ஓசை கேட்டும் வீட்டினுள் புகாது வெளியே நின்ற மூத்த குமாரனே எம் நினைவுக்கு வந்தான். உவமை முழுதும் பொருந்தாது. அவன் தம்பி திரும்பி வந்தவன்.

நண்பரின் வருத்தத்தில் நியாயம் உண்டு என்றே யாம் கருதுகின்றோம். சென்னை அணிக்கு நேரு விளையாட்டரங்கு என்றொரு வீடு உண்டு. பருவந்தோறும் திங்கட் கணக்கில் ஆட்டம் உண்டு. கடலூரினின்றும் சிதம்பரத்தினின்றும் புறப்பட்டு, சீட்டு வாங்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திவிட்டு, நள்ளிரவுப் பேருந்தில் ஊர் திரும்பியவர் எம்முள்ளேயே சிலர் உளர். கொடுத்தவர்க்குக் கேட்கும் உரிமை சிறிதேனும் உண்டன்றோ? இவ்வளவோடு ஆடவர் வழக்கை விடுத்து, எம் மாவட்டத்திற்கே உரிய வேறொரு வழக்கிற்கு வருவோம்.

மகளிர் காற்பந்தாட்டத்திற் கடலூர்க்கு ஒரு பெயர் உண்டு. இது நம் கல்லூரியிற் பலர்க்குத் தெரியாது. அகில இந்திய மகளிர் லீக்கின் 2017–18 பருவத்தின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தபோது ஆங்குச் சென்ற ஏழு அணிகளுள் இரண்டு தமிழ்நாட்டினின்றும் சென்றவை. ஒன்று மதுரையின் சேது அணி. மற்றொன்று எம் கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு கல்வி அகாடமியின் அணி. நாடு முழுவதற்கும் ஏழே அணிகள் என்னும்போது, அவற்றுள் ஒன்று கெடிலக் கரையினின்றும் சென்றதென்பது சிறிய செய்தியன்று. இந்திய நாட்டு அணியில் நடுக்களம் காத்த இந்துமதி கதிரேசன் கடலூரினர். முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதனும் இம்மாவட்டத்தினரே.

இவ்விருவரும் சேது அணியில் ஆடினர். 2019-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் லூதியானாவில் சேது அணி மணிப்பூர்க் காவற்படை அணியை 3–1 என வென்று மகளிர் லீக்கைக் கைக்கொண்டது. தமிழ்நாட்டு அணியொன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வணியின் கோலடிப்பிற் பேர்பெற்றவர் நேபாள நாட்டுச் சபித்ரா பண்டாரி. மறு பருவத்தில் அவர் கோழிக்கோட்டின் கோகுலம் கேரள அணிக்குச் சென்றார். 2020 பிப்ரவரியில் அரையிறுதியிற் சேது அணியையே கோகுலம் வென்றது. இறுதியாட்டத்தில் 87-ஆம் நிமிடத்திற் சபித்ரா அடித்த கோலால் 3–2 எனக் கோப்பையும் கொண்டது. 2022-இல் புவனேசுவரத்தில் லீக்கின் கடைசி நாளன்று சேதுவும் கோகுலமும் மோதின. சேது முதலிற் கோலடித்தும் 3–1 எனத் தோற்று இரண்டாமிடம் பெற்றது. 2023-இல் இந்துமதியும் சந்தியாவும் கோகுலம் அணியின் உடையில் ஆடினர். மே 21-ஆம் நாள் அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அவ்வணி கிக்ஸ்டார்ட் அணியை 5–0 என வென்று, தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கோப்பை பெற்றது. அவ்வைந்து கோல்களுள் எம் மாவட்டத்து மகளிர் இருவரும் ஆளுக்கொன்று அடித்தனர்.

இதுபற்றியே சென்ற கல்வியாண்டிற் புகைவண்டியில் ஒரு வழக்கு நடந்தது. (இக்காலத்துப் புகைவண்டியிற் புகை இல்லை, பெயரை மட்டும் விடாது பற்றியிருக்கின்றோம்.) யாம் பேச்சுப் போட்டியொன்றின் பொருட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் ஏறிச் சிதம்பரம் நோக்கிச் சென்றோம். அதே பெட்டியில் நம் கல்லூரி மகளிர் காற்பந்து அணியும் இருந்தது. அவர்க்கும் அன்று அவ்வூரில் ஆட்டம். துறைமுகச் சந்திப்பில் வண்டி நெடுநேரம் நின்றமையின் பேச்சு வளர்ந்தது. பரங்கிப்பேட்டை நண்பர் வழக்கம்போலத் தாப்பாவிற் றொடங்கினார். வண்டி ஆலப்பாக்கம் கடக்குமுன் சந்தியாவுக்கும் இந்துமதிக்கும் வந்துவிட்டார்.

“சேது அணி நம் நாட்டு அணி. அஃது இரண்டாமிடத்தில் வருந்திக் கிடந்த அடுத்த ஆண்டே, அதனை வென்ற அணியிற் போய்ச் சேர்வதா? ஓராண்டு பொறுத்திருந்தால் அந்தக் கோப்பை மதுரைக்கு வந்திராதா?” என்பது அவர் கேள்வி.

அண்ணாமலை நகரிற் றமிழ் பயிலும் சிதம்பரத்து நண்பர் ஒருவர் எதிர்வழக்காடினார். அவர் எடுத்துக் காட்டியது புறநானூறு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வெளிமான்பாற் சென்றபோது அவன் தன் தம்பி இளவெளிமானைப் பரிசில் தரப் பணித்தான். தம்பி புலவரின் தகுதி அறியாது சிறிது கொடுத்தான். புலவர் அதனைக் கொள்ளாது நீங்கிக் குமணனைப் பாடி யானை பெற்றார். பெற்றவர் தம் ஊர்க்குச் செல்லவில்லை. அந்த யானையைக் கொணர்ந்து இளவெளிமான் ஊர்க் காவன்மரத்திற் கட்டிவிட்டு, இரவலர்க்கு ஈவோர் உலகில் உளர் என்பதை அவன் கண்ணெதிரே காட்டிச் சென்றார். “பழைய அணிக்கு எதிராக ஆடி வெல்வது அந்த யானைதான். அருமை அறியாதவர் வாயிலிற் கட்ட வேண்டியதுதான்” என்றார் சிதம்பரத்தார்.

பெட்டியிலிருந்த முதிய ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் நகைத்தார். “தம்பி, யானையைக் கட்டுவது எளிது. அதன்பின் அந்த ஊரார் அந்த மரத்தடியில் எப்படி உட்காருவார்கள்?” என்றார். யானைக்கும் மரத்திற்கும் நீதி கூறுமுன் புதுச்சத்திரம் வந்தது. நிலக்கடலை விற்பவர் ஏறினார். வழக்கு சிறிது தணிந்தது.

அப்பொழுது மகளிர் அணியில் நடுக்களத்தில் ஆடும் அக்கா ஒருவர், சாளரத்தின் புறத்தே நோக்கியிருந்தவர், திரும்பினார். அவர் கணக்குப் பாடத்தில் மூன்றாமாண்டு மாணவி. இங்குப் பெயர் வேண்டா. பரங்கிப்பேட்டை நண்பரைப் பார்த்து, “தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த லீக் ஆண்டுக்கு ஒரு மாதம் நடக்கும். மிச்சமுள்ள பதினொரு மாதமும் அவர்கள் எந்த அணி?” என்றார்.

ஒருவரும் விடை கூறவில்லை. அக்காவும் விடையை எதிர்பார்த்தவராகத் தோன்றவில்லை. கடலை வாங்கி எல்லார்க்கும் பகிர்ந்தளித்தார். எமக்கோ அக்கேள்வி பேச்சுப் போட்டி முடிந்த பின்னும் மனத்தை விட்டகலவில்லை. விடுதிக்குத் திரும்பியபின் நாட்களை எண்ணிப் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டு லீக் முழுவதும் லூதியானா என்னும் ஒரே ஊரில் மூன்று கிழமைக்குள் முடிந்தது. 2020-இல் பெங்களூரில் ஏறக்குறைய மூன்று கிழமை. 2021-இற் பெருந்தொற்றால் லீக்கே இல்லை. 2022-இல் புவனேசுவரத்தில் ஆறு கிழமை. 2023-இல் அகமதாபாத்தில் நான்கு கிழமைக்குள். மதுரையில் ஆட்டம் இல்லை, கோழிக்கோட்டில் இல்லை, கடலூரில் இல்லவே இல்லை. அணிகளெல்லாம் சந்தைக்குக் கூடுவார் போல ஓரூரிற் கூடி, ஆடி, கலைந்தன. 2023 டிசம்பரிற் றொடங்கிய பருவத்தினின்றுதான் ஒவ்வோர் அணியும் தன் களத்திலும் பிறர் களத்திலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது.

அங்ஙனமாயின், எம் நண்பர் கூறும் ‘அணியை விட்டுப் போதல்’ என்பது யாது? போவதற்கு முதலில் இருத்தல் வேண்டும். மூன்று கிழமை கூடிக் கலைந்த ஒரு குழுவில் அடுத்த ஆண்டு சேராமையைப் பிரிவு என்று கூறுவது, திருவிழாக் கடையில் சென்ற ஆண்டு வாங்கியவர் இவ்வாண்டு பக்கத்துக் கடையில் வாங்கினார் என்று வழக்குத் தொடுப்பது போலும். மிச்சமுள்ள பதினொரு திங்கள் அவர்க்குச் சோறிட்டது எவ்வணியும் அன்று. இந்துமதி தமிழ்நாட்டுக் காவற்றுறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றவர். மகளிர் பலர் பணியையும் படிப்பையும் ஒரு புறமும் பயிற்சியை மறுபுறமுமாகத் தாங்கியே அந்த மூன்று கிழமைக்கு வந்தனர். ஆடவர் ஆட்டத்து அளவுகோலைக் கொண்டுவந்து இங்கு நீட்டினால் கோல் வளையுமேயன்றி அளவு கிடைக்காது.

சிதம்பரத்தாரின் யானையும் இங்கு ஒவ்வாது என்பது எம் கருத்து. காவன்மரத்தில் யானையைக் கட்டுவதற்கு இளவெளிமான் ஒருவன் வேண்டும். சேது அணி இளவெளிமான் அன்று. 2016-இல் மதுரையில் தொடங்கி, மகளிர் ஆட்டத்தைத் திரும்பிப் பாராதவர் பலராயிருந்த நாளில் தமிழ்ப் பெண்களைத் திரட்டி, மூன்றாண்டிற்குள் நாட்டின் முதலிடத்திற்குக் கொண்டு சென்ற அணி அது. சிறிது கொடுத்தது என்று அதனை யாரே பழிப்பர்? கையிலிருந்ததைக் கொடுத்தது.

புலவரைத்தான் உவமை கொள்ள வேண்டுமாயின் கபிலரைக் கொள்க. பாரியின் உயிர்த்தோழர் அவர். பாரி மாய்ந்தபின் அவர் பறம்பினடியில் அமர்ந்து தமிழை மறந்துவிடவில்லை. செல்வக் கடுங்கோ வாழியாதன் என்னும் சேரன்பாற் சென்று பாடினார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அவர் பாடியது. அதற்கு நூறாயிரம் காணமும், குன்றேறி நின்று கண்ட நாடும் பரிசிலாகப் பெற்றார் எனப் பதிகம் கூறும். கபிலர் பாரியைக் கைவிட்டார் என்று இற்றைவரை ஒரு தமிழாசிரியரும் எமக்குக் கற்பித்திலர். பாரியின் புகழ் குறைந்ததா எனின், அவன் புகழ் நம்மை வந்தடைந்ததே பெரும்பாலும் கபிலர் வாயிலாக அன்றோ! இதனை எழுதும்போது ஒன்று தோன்றுகின்றது: கபிலர் சென்றதும் சேரநாட்டிற்கே, எம் மாவட்டத்து மகளிர் சென்றதும் சேரநாட்டிற்கே. தமிழ்நாட்டார் பரிசில் பெற மேற்கு மலை கடப்பது புதிதன்று போலும்!

பாரி மாய்ந்தான், சேது அணி மாயவில்லையே எனப் பரங்கிப்பேட்டையார் உடனே வினவுவர். வினவட்டும். லீக் முடிந்த மறுநாள் அணி எங்கே இருந்தது என்று யாமும் வினவுவோம்.

இன்னொன்றும் உண்டு. சங்க உடைகள் மாறியபோதும் மாறாத உடை ஒன்று இம்மகளிர்க்கு இருந்தது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் போட்டியில், அதனைப் பன்முறை வென்று தன்னுடைமை ஆக்கியிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என வென்று முதன்முறை வாகை சூடிற்று. வெற்றிக் கோலை அடித்தவர் இந்துமதி. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை 2–1 என வென்று தமிழ்நாடு மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது. கோகுலம் அகமதாபாத்தில் வென்ற நாட்கும் இதற்கும் இடையே ஐந்தே கிழமை. கோழிக்கோட்டு உடையைக் களைந்து தமிழ்நாட்டு உடையை அணிந்தவர்பால் ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்பது எமக்கு நகையையே விளைக்கின்றது.

இவ்வழக்கை யாம் இத்துணை நீட்டியதற்குக் காரணம் உண்டு. வண்டியில் அக்கா கேட்ட கேள்வி பிறரைப் பற்றியது மட்டுமன்று. அப்பொழுது அவர்க்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. இளங்கலை முடித்தபின் உடற்கல்விப் பட்டம் பயிலச் சிதம்பரத்திற்கு வரின் விடுதிக் கட்டணம் இல்லை, அங்குள்ள அணியில் இடமும் உண்டு என்பதே அது. நம் கல்லூரியிலேயே முதுகலைக் கணக்குப் பயின்று அணியை நடத்த வேண்டுமென்று இங்குள்ளார் பலர் விரும்பினர். அவர் தந்தையார் முதுநகர்த் துறையில் மீன்வலை பின்னுபவர்; கட்டணம் இல்லை என்னும் சொல்லின் பொருள் அவ்வீட்டில் எத்தகையது என்பது இவ்விதழைப் படிப்போர் பலர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அக்கா சென்றார். ‘வளர்த்த கல்லூரியை மறந்தார்’ என்று சிலர் கூறியதும், அச்சொல் அவர் காதுக்கு எட்டியதும் யாம் அறிவோம். கூறியவருள் எவரும் அவ்வாறு கூறுமுன் விடுதிக் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்குப் பின் சிதம்பரத்தில் நடந்த சுழற்கோப்பைப் போட்டியொன்றில் அக்காவின் புதிய அணியும் நம் கல்லூரி அணியும் எதிர்ப்பட்டன. யாம் பதினால்வர் சென்றிருந்தோம். மகளிர் ஆட்டத்திற்கு நம் கல்லூரியினின்றும் அத்துணைப் பேர் சென்றது அதுவே முதன்முறை என்று அணிப் பயிற்சியாளர் கூறினார். முற்பகுதியில் கோல் இல்லை. பிற்பகுதியில், நடுக்களத்தில் எம்மவர் தவறவிட்ட பந்தை அக்கா வாங்கி, இருவரைக் கடந்து, பதினெட்டுக் கெசக் கோட்டின் வெளியே நின்றபடி இடக்காலால் அடித்தார். பந்து கம்பத்தின் உட்புறம் பட்டு வலையிற் சேர்ந்தது. அக்கா கை உயர்த்தவில்லை, ஓடவில்லை, காலுறையைச் சரி செய்துகொண்டு நடுக்கோட்டிற்குத் திரும்பி நடந்தார். அவர்தம் புதிய தோழியர் கட்டிக் கொண்டபோது மட்டும் சிரித்தார்.

எம் பக்கத்தில் முதலில் ஒருவரும் அசையவில்லை. பின் ஒரு கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தோம், தட்டியவர் பரங்கிப்பேட்டை நண்பர். ஏன் தட்டினீர் என்றோம். “நல்ல கோல்” என்றார். தாப்பாவைப் பற்றி யாம் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் 1–0 என முடிந்தது. முடிந்தபின் அக்கா எம் அணியின் காப்பாளரிடம் வந்து, இடக்கால் ஆட்டக்காரி எதிரே வரும்போது எப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டுமென்று, மண்ணிற் குச்சியாற் கோடு வரைந்து நெடுநேரம் விளக்கிக் கொண்டிருந்தார்.